"வயசாயிடுச்சுல்ல சார்..."

நிமோனியா வந்து எங்கள் வார்டில் 12 நாட்கள் இருந்தார் 74 வயது பெரியவர் ஒருவர். வரும்போது நடந்தே வந்தவர். சளி, காய்ச்சல் எல்லாம் சரியாகி டிஸ்சார்ஜ் ஆனார்.

மூன்று வாரம் கழித்து ரிவ்யூவுக்கு வந்தார். எக்ஸ்ரே நன்றாக இருந்தது. ஆள்தான் பாதியாகியிருந்தார். சாப்பாடு இறங்கவில்லை. பேப்பர் படிப்பதில்லை. யாரிடமும் பேச்சில்லை. முக்கால்வாசி நேரமும் படுக்கைதான்.

"எவ்வளவு நாளா இப்படி?" என்று மகனிடம் கேட்டேன்.

"வயசாயிடுச்சுல்ல சார்..." என்றார்.

இந்தப் பதிலை 90 வருடங்களுக்கு முன்பே ஏற்க மறுத்த ஒரு டாக்டரம்மாவின் கதையை உங்களுக்குச் சொல்கிறேன்.

ஆண்டு 1935. இடம் லண்டனின் மேற்குப் பகுதி. வெஸ்ட் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் வேலை பார்த்தவர் மார்ஜரி வாரன். பக்கத்திலேயே, ஏழைகளுக்கான பழைய விடுதியைச் சேர்ந்த ஆஸ்பத்திரி ஒன்று இருந்தது. அது இவர்கள் மருத்துவமனையோடு இணைக்கப்பட்டது. அங்கிருந்த 714 நோயாளிகள் வாரனின் பொறுப்பில் வந்தார்கள்.

பெரும்பாலானோர் முதியவர்கள். பக்கவாதம் வந்தவர், மூட்டு தேய்ந்தவர், மறதி நோய் உள்ளவர் எல்லோரும் ஒரே வார்டில். பலருக்கு என்ன நோய் என்றே சரியாகப் பார்க்கப்படவில்லை. "இனி ஒன்றும் செய்ய முடியாது" என்று படுக்க வைத்துவிட்டார்கள். அவ்வளவுதான்.

படுத்தே கிடந்தால் என்ன ஆகும்? தசை கரையும். மூட்டு இறுகும். புண் வரும். அதோடு மனமும் படுத்துவிடும்.

வாரன் என்ன செய்தார் தெரியுமா?

ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பரிசோதித்தார். நோயைக் கண்டுபிடித்து, அதற்கேற்ப வார்டுகளைப் பிரித்தார். இருண்ட சுவர்களுக்கு வெளிர் நிறம் அடிக்கச் சொன்னார். வெளிச்சம் கூட்டினார். பிடித்து நடக்கக் கைப்பிடி, கலர் கலரான போர்வை. நர்ஸ், பிசியோதெரபிஸ்ட், சமூகப் பணியாளர் எல்லோரையும் ஒரே அணியாக வேலை செய்ய வைத்தார்.

எழ மாட்டார்கள் என்று கைவிடப்பட்டவர்களில் பலர் எழுந்தார்கள். வீட்டுக்கே திரும்பியவர்களும் உண்டு!

இந்த அனுபவத்தை 1943லும் 1946லும் மருத்துவ இதழ்களில் எழுதினார். முதியோர் மருத்துவம் தனித்துறையாக வளர அதுவே அடித்தளம்.

1947ல் ரிச்சர்ட் ஆஷர் என்ற இன்னொரு லண்டன் மருத்துவர், படுக்கையே ஒரு ஆபத்து என்று எழுதினார். ரத்தம் உறைதல், எலும்பு பலவீனம் என்று பட்டியலிட்டவர் மனச்சோர்வையும் அதில் சேர்த்தார்.

நம்ம ஊருக்கும் இதில் பங்குண்டு. 1978ல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் முதியோருக்கென்று தனி ஓபி தொடங்கினார் டாக்டர் வி.எஸ். நடராஜன். இந்தியாவிலேயே முன்னோடி முயற்சி அது.

இப்போது உங்கள் வீட்டுக்கு வருவோம்.

டிஸ்சார்ஜ் ஆன அப்பாவோ அம்மாவோ இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் விருப்பமில்லாமல், பேசாமல், "நான் இருந்து என்ன பிரயோஜனம்" என்று சொன்னால் அது முதுமை அல்ல. மனச்சோர்வாக இருக்கலாம். சிகிச்சை உண்டு.

தைராய்டு, பி12 குறைபாடு, சில மாத்திரைகள் கூட இப்படிச் செய்யும். அதனால் டாக்டரிடம் காட்டுங்கள்.

திடீரென்று ஆள் தெரியாமல் குழம்பினால் அது வேறு பிரச்சினை. அன்றே ஆஸ்பத்திரி.

"செத்துடலாம் போலிருக்கு" என்றால் வெறும் புலம்பல் என்று விடாதீர்கள். தனியே விடாதீர்கள். 14416க்கு அழைத்தால் இலவசமாக மனநல ஆலோசனை கிடைக்கும்.

டாக்டர் அனுமதித்த அளவுக்கு நடக்க வையுங்கள். சாப்பாட்டைக் கட்டிலுக்குக் கொண்டு போகாமல், அவரைச் சாப்பிடும் இடத்துக்குக் கூட்டி வாருங்கள். வீட்டு விஷயத்தில் யோசனை கேளுங்கள்.

நம் பெரியவருக்கு மனநல மருத்துவர் மாத்திரை கொடுத்தார். மகன் தினமும் மாலையில் டீக்கடை வரை நடத்திக் கூட்டிப்போனார். இரண்டு மாதம் கழித்து நடந்தே வந்தவர், "ஓபியில இவ்ளோ கூட்டமா, உட்கார இடமில்ல" என்று என்னைத் திட்டினார்.

திட்டு வாங்கி இவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.