இணையச் செய்தியின் நம்பகத்தன்மை: மூலத்தை அறிவது எப்படி?

ஒரே செய்தி பத்து இணையதளங்களில் வெளியானால், அது பத்து முறை உறுதி செய்யப்பட்டதாகப் பொருள் இல்லை. பிடிஐ, யுஎன்ஐ, ஏஎன்ஐ போன்ற முகமைகள் அனுப்பும் ஒரே செய்தியைப் பல தளங்கள் வெளியிடுகின்றன. எனவே, தளங்களை அன்றி மூலங்களையே எண்ண வேண்டும். முகமையின் பெயர் இல்லாவிடினும், மேற்கோள்களும் எண்ணிக்கைகளும் ஒன்றாகவே இருப்பின், மூலம் ஒன்றுதானா என ஆராய வேண்டும்.

அடுத்து, பொறுப்பேற்பவர் யார் என்பது. நாளிதழில் ஆசிரியர், வெளியிடுபவர், அச்சிடுபவர் பெயர்களைக் குறிப்பிடுவதை 1867-ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயமாக்கியது. இணையதளத்திலும் ஆசிரியர், உரிமையாளர், முகவரி, குறைதீர் அலுவலர் விவரங்களைத் தேடிப் பார்க்கலாம். இவை இல்லாத தளத்தின் செய்தியை வேறிடத்தில் சரிபார்த்த பின்னரே பகிர வேண்டும்.

சார்பு என்பது பொய்யிலிருந்து வேறுபட்டது. ஒவ்வொரு வரியும் உண்மையாக இருந்தும், குற்றஞ்சாட்டப்பட்டவரின் விளக்கத்தை விட்டுவிடும் செய்தி சார்புடையதே.

அரசின் மறுப்பும் ஒரு தரப்பின் கூற்றே. பத்திரிகை தகவல் அலுவலகத்தின் உண்மை சரிபார்ப்புப் பிரிவு, மத்திய அரசு தொடர்பான தகவல்களை 2019 முதல் ஆராய்ந்து வருகிறது. எனினும், மத்திய அரசு குறித்த இணையத் தகவல்களில் எது பொய் என அடையாளப்படுத்தும் சட்ட அதிகாரத்தை அரசின் பிரிவுக்கு வழங்கிய 2023-ஆம் ஆண்டு விதித் திருத்தத்தை, மும்பை உயர் நீதிமன்றம் 2024 செப்டம்பரில் ரத்து செய்தது. ஆகவே, செய்தியைப் போன்றே அதன் மறுப்பையும் மூல ஆவணத்துடன் ஒப்பிட்டுப் பார்ப்பதே முறையாகும்.