டிரிஸ்டன் தீவினரின் வாக்கு

உலகப் படத்தில் தென் அட்லாண்டிக் பெருங்கடலை உற்று நோக்கினால், ஆப்பிரிக்காவின் தென்முனைக்கும் தென் அமெரிக்காவுக்கும் இடையே ஊசிமுனை அளவான ஒரு புள்ளி தென்படும். சில படங்களில் அப்புள்ளியும் இராது. டிரிஸ்டன் ட குன்யா என்பது அதன் பெயர். அங்கே வாழும் மக்களைப் பற்றித்தான் இன்று பேச எண்ணியுள்ளேன். பேரரசுகளின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் படித்துப் பழகிய மாணவ நண்பர்கள், முந்நூறு பேர்கூட இல்லாத ஒரு கடற்கரை ஊருக்கு வரலாறு ஏது என்று வினவலாம். நானும் முதலில் அவ்வாறுதான் எண்ணினேன். ஆனால் ஓர் ஊரைப் பற்றி அவ்வூரார் சொல்லும் சொல்லுக்கு எவ்வளவு மதிப்பு உண்டு என்பதை இவ்வூரின் கதையைப்போல் தெளிவாக உரைக்கும் கதை வேறொன்றை நான் படித்ததில்லை.

1506-ஆம் ஆண்டில் இந்தியாவை நோக்கிக் கப்பற்படையுடன் வந்த போர்ச்சுகீசியத் தலைவர் டிரிஸ்டன் ட குன்யா இத்தீவைக் கண்டு, அதற்குத் தம் பெயரையே இட்டார். ஆனால் அவர் அதில் குடியேறவில்லை. குடியேறும்படியான இடமும் அதுவன்று. கடலிலிருந்து செங்குத்தாக எழும் எரிமலை அது. உயரம் 2,062 மீட்டர். மலையடியில், கடலோரமாக, ஒரு சிறு சமவெளி மட்டுமே மனிதர் வாழ இடந்தருகிறது. மக்கள் வாழும் மிக அண்மையான தீவாகிய செயிண்ட் ஹெலினாவோ 2,400 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது.

அச் செயிண்ட் ஹெலினாவில் 1815-ஆம் ஆண்டு நெப்போலியன் சிறைவைக்கப்பட்டான். அவனை மீட்க விழைவோர் டிரிஸ்டனைத் தளமாகக் கொள்ளக்கூடும் என்றஞ்சிய ஆங்கில அரசு, 1816-இல் ஒரு சிறு படையை அங்கே நிறுத்தியது. ஓராண்டு கடந்ததும், இது வீண் செலவு என்று உணர்ந்து படையைத் திரும்ப அழைத்துக்கொண்டது. ஆனால் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த வில்லியம் கிளாஸ் என்ற படைவீரர் திரும்பிச் செல்ல விரும்பவில்லை. மனைவி மக்களுடன் அங்கேயே தங்க இசைவு கேட்டார். கல்தச்சர்களான சாமுவேல் பர்னல், ஜான் நான்கிவல் என்ற இருவரும் அவருடன் தங்கினர்.

கப்பல் புறப்படுமுன் இவர்கள் ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிட்ட உடன்படிக்கையே இவ்வூரின் முதல் ஏடு. 1817-ஆம் ஆண்டு நவம்பர் 7-ஆம் நாள் எழுதப்பட்டது அது. கால்நடையும் பண்டங்களும் அனைவர்க்கும் சமமாக உரியன. வரும் ஊதியத்தைச் சமமாகப் பங்கிட வேண்டும். செலவையும் சமமாகவே ஏற்க வேண்டும். ஊரில் இணக்கம் நிலவும்பொருட்டு எவரும் மற்றவர்க்கு மேலானவர் என்று உரிமை கொண்டாடலாகாது என்பன அதன் கருத்துகள். கிளாஸ் இராணுவத்தில் பழகியவர். மேலதிகாரியின் கட்டளையும் கீழ்ப்படிதலுமே அவர் அறிந்த உலகம். அப்படிப்பட்டவர், ஆணையிடுவோர் எவருமில்லாத ஓர் ஊரை மனத்தில் கருதி எழுதியதுதான் எனக்கு வியப்பாயிருக்கிறது.

எழுதியவாறே எல்லாம் நடந்தது என்று கூறுவதற்கில்லை. கல்தச்சர் இருவரும் நெடுநாள் தங்கவில்லை. அவ்வழியே சென்ற மாலுமிகள் கிளாஸை 'கவர்னர்' என்றே அழைத்தனர். எனினும் அவ்வுடன்படிக்கையின் மணம் அவ்வூரை விட்டு நீங்கவில்லை. கப்பல் உடைந்து கரை ஒதுங்கியவர்களும், திமிங்கில வேட்டைக் கப்பல்களிலிருந்து இறங்கியவர்களும் அங்கே குடியேறினர். 1827-இல் செயிண்ட் ஹெலினாவிலிருந்து ஐந்து பெண்கள் மணமக்களாக வந்து சேர்ந்தனர். கிளாஸ், ஸ்வெயின், கிரீன், ஹேகன், ரோஜர்ஸ், ரெப்பெட்டோ, லவரெல்லோ என ஏழு குடும்பப் பெயர்கள் நிலைத்தன. அவற்றுள் ஆங்கிலேயர், டச்சுக்காரர், அமெரிக்கர், இத்தாலியர் என்று பலர் வழி உண்டு. ஆயினும் சில தலைமுறைகளுக்குள் ஊரார் அனைவரும் ஒருவர்க்கொருவர் உறவினராகிவிட்டனர்.

காவலரும் நீதிமன்றமும் இன்றி நெடுங்காலம் அவர்கள் வாழ்ந்தனர். ஒருவன் மற்றொருவனுக்குக் கட்டளையிடுவதை அவர்கள் பெரும் இழுக்காகக் கருதினர். 1937-இல் வந்த நார்வே நாட்டு ஆராய்ச்சிக் குழுவில் பீட்டர் முன்க் என்ற சமூகவியலார் இருந்தார். இம்மக்களின் இவ்வியல்பை அவர் ஊன்றிக் கவனித்து எழுதியிருக்கிறார். ஆணையிடாத ஊர் என்றால் கேட்க இனிதாயிருக்கிறது. அதற்கு மறுபுறமும் உண்டு. எல்லோரும் உறவினராயுள்ள ஊரில் எதிர்க்கருத்தைச் சொல்வது எளிதன்று. மனம் ஒவ்வாதவன் வாதிடமாட்டான்; வாளா இருந்துவிடுவான். அவ்வமைதியைச் சம்மதம் என்று கொள்வதா, மறுப்பு என்று கொள்வதா? வெளியிலிருந்து வந்த பாதிரிமாரும் அதிகாரிகளும் இதை அறியமாட்டாமல் தடுமாறியது இயல்பே.

தீவை விட்டு நீங்குவதா, தங்குவதா என்ற வினா இவர்களுக்குப் புதிதன்று. 1857-ஆம் ஆண்டில் ஊரில் பாதிக்கு மேற்பட்டோர் ஒரு பாதிரியாருடன் கேப் நாட்டுக்குச் சென்றுவிட்டனர். 1885-ஆம் ஆண்டு நவம்பரில் பெருந்துயரம் நேர்ந்தது. தொலைவில் சென்ற கப்பலொன்றைச் சந்திக்கப் படகேறிய பதினைந்து ஆடவர் திரும்பவேயில்லை. விதவைகளும் சிறாருமே மிகுந்திருந்த ஊராயிற்று. அதன் பின்னும் எஞ்சியவரிற் பலர் தங்கினர்.

1942-இல், உலகப்போரின்போது, ஆங்கிலக் கடற்படையினர் அங்கே வானிலை நிலையமும் கம்பியில்லாத் தந்தி நிலையமும் அமைத்தனர். அதுவரை பண்டமாற்றே வழக்கம். பணம் புழங்கத் தொடங்கியது அப்போதுதான். 1946-இல் வரைந்த ஒரு மாதிரி அஞ்சல்தலையில், ஒரு பென்னிக்கு நான்கு உருளைக்கிழங்கு என்று விலையைக் குறித்திருந்தனராம்! போருக்குப் பின் சிங்கி இறாலைப் பிடித்துத் தகரப் பெட்டியில் அடைக்கும் தொழிற்சாலை வந்தது. நிர்வாக அதிகாரி ஒருவரும் அனுப்பப்பட்டார்.

இனி 1961-ஆம் ஆண்டுக்கு வருவோம். ஆகஸ்டு மாதம் முதல் நிலம் அடிக்கடி நடுங்கியது. அக்டோபரில் நடுக்கம் மிகுந்தது, பாறைகள் உருண்டன. ஊரை ஒட்டிய தரை கண் முன்னே வெடித்துப் புடைத்தது. மக்கள் ஊரை விட்டு வெளியேறி, சற்று அப்பாலிருந்த உருளைக்கிழங்குத் தோட்டங்களில் இரவைக் கழித்தனர். மறுநாள், அக்டோபர் 10-ஆம் தேதி, மீன்பிடி கப்பல்களில் ஏறி நைட்டிங்கேல் என்ற பறவைத் தீவுக்குப் போயினர். பின்னால் எரிமலை வாய்திறந்து கக்கத் தொடங்கிவிட்டது. இருநூற்றறுபதுக்கும் மேற்பட்ட அம்மக்களை ஒரு டச்சுக் கப்பல் கேப் டவுனுக்குக் கொண்டு சேர்த்தது. நவம்பர் 3-ஆம் நாள் அவர்கள் இங்கிலாந்தின் சவுதாம்ப்டன் துறைமுகத்தில் இறங்கினர். ஓர் உயிர்கூடச் சேதமில்லை.

இங்கிலாந்து மக்கள் அவர்களை அன்புடன் வரவேற்றனர். முதலில் ஒரு முகாமிலும், பின்னர் கால்ஷாட் என்ற கடலோர ஊரில் விமானப்படையினர் விட்டுச்சென்ற வீடுகளிலும் அவர்களைக் குடியமர்த்தினர். வேலை கொடுத்தனர். மின்விளக்கு, தொலைக்காட்சி, பேருந்து, மருத்துவமனை யாவும் கிடைத்தன. ஆனால் குளிர்கால நோய்களுக்கு உடல் பழகாத முதியோர் சிலர் அவ்வாண்டே மாண்டனர். கதவுக்குப் பூட்டிடாமல் வாழ்ந்தவர்களுக்கு அந்நாட்டின் சந்தடியும் ஓட்டமும் ஒவ்வவில்லை.

தீவு இனி வாழத் தகுந்ததன்று என்ற எண்ணம் ஆட்சியாளரிடையே வலுத்திருந்தது. தொழிற்சாலையை எரிமலைக் குழம்பு மூடிவிட்டது. படகு இறங்கும் கரையும் மறைந்தது. ஒரு கைப்பிடி மக்களுக்காகக் கப்பலும் மருத்துவரும் ஆசிரியரும் அனுப்புவது எத்தனை நாளைக்கு என்றனர். முதியோர் ஏக்கத்தால் பேசுகின்றனர். இளைஞரோ திரைப்படத்தையும் நடனத்தையும் கண்டுவிட்டனர், இனித் திரும்பார் என்று பத்திரிகைகளும் எழுதின. இவை யாவும் தீய எண்ணத்தால் சொல்லப்பட்டவை அல்ல என்பதை நாம் மறக்கலாகாது. நன்மை செய்வதாக நினைப்பவனிடம், நீ நினைப்பது எங்கள் நன்மை அன்று என்று விளக்குவதே எல்லாவற்றிலும் கடினம்.

ஊர்த் தலைவர் வில்லி ரெப்பெட்டோவும் ஏனையோரும் அக்கடினமான வேலையை விடாமல் செய்தனர். 1962-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அறிவியலார் குழுவொன்று தீவுக்குச் சென்று ஆராய்ந்தது. ஒரே ஒரு வீடு மட்டுமே எரிந்திருந்தது. கைவிடப்பட்ட நாய்கள் ஆடுகளைக் கொன்று தின்றுவிட்டன. மற்றப்படி ஊர் அப்படியே இருந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் தீவினர் பன்னிருவர் முன்னோடிகளாகச் சென்று வீடுகளைச் செப்பனிடவும் நிலத்தைப் பண்படுத்தவும் தொடங்கினர்.

அதன் பின்னும் அரசுக்கு ஐயம் தீரவில்லை. 1962 டிசம்பரில் வயதுவந்த ஆண் பெண் அனைவரிடமும் இரகசிய வாக்கெடுப்பு நடத்தப்பட்டது. திரும்பிச் செல்ல வேண்டும் என்று 148 பேரும், வேண்டாம் என்று ஐவரும் வாக்களித்தனர்.

இவ்விரு எண்களுள் பெரிய எண்ணைத்தான் எல்லா நூல்களும் போற்றுகின்றன. என் மனமோ சிறிய எண்ணையே சுற்றிவருகிறது. கைதூக்கிக் கருத்துச் சொல்லும் கூட்டமாயிருந்தால் அந்த ஐந்து கைகள் எழுந்திருக்குமா? எழுந்திரா என்றே நினைக்கிறேன். அண்ணனும் மாமனும் மைத்துனனும் சூழ நிற்க, எனக்கு இங்கிலாந்தே பிடித்திருக்கிறது என்று சொல்ல எவருக்கு மனம் துணியும்? எவரும் எழாதிருந்தால், பார்த்தீர்களா, முதியோருக்கு அஞ்சி எல்லோரும் தலையாட்டுகின்றனர் என்று அதிகாரிகள் சொல்லியிருக்கக்கூடும். அந்த ஐந்து வாக்குகள் பெட்டியில் அச்சமின்றி விழுந்ததாலேயே, எஞ்சிய 148 வாக்குகளும் உள்ளத்திலிருந்து வந்தவை என்று உலகம் நம்ப நேர்ந்தது. மறுத்தவர்கள் தம்மை அறியாமலே மற்றவர்களுக்குச் சான்று பகர்ந்தார்கள்.

அரசு இணங்கியது. 1963-ஆம் ஆண்டு நவம்பர் 10-ஆம் நாள் போர்ன்ஹோம் என்ற டேனிஷ் கப்பல் பெரும்பகுதியினரைத் தீவில் கொண்டுவந்து இறக்கியது. வேறு சிலர் அதற்கு முன்னரே வந்துவிட்டனர். இன்னும் சிலர் இங்கிலாந்திலேயே தங்கினர். கதை அத்துடன் இன்பமாய் முடிந்தது என்று சொன்னால் பொய்யாகும். 1966-இல் முப்பதுக்கும் மேற்பட்டோர் தீவு வாழ்க்கை சலித்து மீண்டும் இங்கிலாந்துக்குச் சென்றனர். அவர்களிற் பெரும்பாலோர் பின்னர்த் திரும்பினர். ஒருமுறை வாக்களித்தவன் மனம் மாறலாகாது என்று எங்கே எழுதியிருக்கிறது?

இங்கே மற்றொரு தீவுக்கூட்டத்தை நினையாதிருக்க என்னால் இயலவில்லை. நம் இந்தியப் பெருங்கடலில், மாலத்தீவுக்குத் தெற்கே, சாகோஸ் தீவுகள் உள்ளன. ஆப்பிரிக்க வழியினரும் இந்திய வழியினருமான மக்கள் அங்கே தென்னந்தோப்புகளில் உழைத்துப் பல தலைமுறையாக வாழ்ந்தனர். டீகோ கார்சியாவில் அமெரிக்கப் படைத்தளம் அமைக்கும்பொருட்டு, 1960-களின் இறுதியிலிருந்து 1973-க்குள் அவர்கள் அனைவரும் அப்புறப்படுத்தப்பட்டு மொரீசியசிலும் செஷல்சிலும் விடப்பட்டனர். அவர்களை அகற்றியதும் அதே ஆங்கில அரசுதான்; டிரிஸ்டன் மக்களைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பிப் பத்தாண்டுகூட ஆகவில்லை. அங்கே எரிமலை வெடிக்கவில்லை. வாக்குப்பெட்டியும் வைக்கப்படவில்லை. அம்மக்களும் அவர்தம் மக்களும் நீதிமன்றங்களின் படிகளில் ஏறியிறங்கியே பல பத்தாண்டுகளைக் கழித்தனர்.

டிரிஸ்டனில் இன்று பதினோருவர் கொண்ட ஊரவை உண்டு. எண்மர் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர், மூவர் நியமிக்கப்படுகின்றனர். தேர்ந்தெடுக்கப்படுவோருள் ஒருவரேனும் பெண்ணாயிருத்தல் வேண்டும் என்பது விதி. நிலம் ஊருக்குப் பொது. வெளியார் வாங்க இயலாது. மேய்ச்சல் நிலம் அழியாமலும், ஒரு குடும்பம் மற்றதினும் செல்வத்தில் ஓங்கிவிடாமலும் இருக்க, இத்தனை கால்நடைதான் வைத்துக்கொள்ளலாம் என்று அளவும் விதித்திருக்கிறார்கள். கிளாஸின் பழைய தாளில் கண்ட எழுத்தே இன்னும் இங்கே படிக்கக் கிடைக்கிறது. மக்கள்தொகை இருநூற்றைம்பதையும் எட்டவில்லை.

பழைய கரைகளைத் தீக்குழம்பு மூடிவிட்டதால் படகுகளுக்கென்று ஒரு சிறு துறைமுகம் கட்ட வேண்டியதாயிற்று. 1967-இல் அது திறக்கப்பட்டது. இங்கிலாந்தில் தாங்கள் அகதிகளாய்த் தங்கியிருந்த, விட்டுவர வேண்டும் என்று அத்தனை உறுதியாய் வாக்களித்த கால்ஷாட் ஊரின் பெயரையே அதற்கு வைத்திருக்கிறார்கள்.