உத்தரமேரூர்க் கல் உரைக்கும் நிர்வாக நெறி

ஆலய பரிபாலன சபை, வாசிகசாலை, ஐக்கிய சங்கம், இளைஞர் மன்றம் எனப் பொதுக் காரியங்களுக்கு நம் ஊர்களில் என்றும் குறைவிருந்ததில்லை. அவற்றைத் தொடங்குவதில் நமக்குள்ள ஊக்கம் அவற்றைச் செவ்வனே நடாத்துவதிலும் உண்டா என்பதே வினா. பொதுக் காரியத்தை யார் ஏற்கலாம்? எவ்வளவு காலம் வகிக்கலாம்? எதனால் அதனை இழக்க வேண்டும்? இவ்வினாக்களுக்கு ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் ஓர் ஊரார் கல்லிற் பொறித்த விடையை இம்மலரின் வாயிலாக அன்பர்களுடன் சேர்ந்து ஆராய விழைகின்றோம்.

அவ்வூர் காஞ்சிபுரம் மாவட்டத்திலுள்ள உத்தரமேரூர். பல்லவர் காலத்தில் எழுந்த இப்பிரமதேயம், சோழர் காலத்தில் உத்தரமேரூர்ச் சதுர்வேதிமங்கலம் என வழங்கிற்று. அங்குள்ள வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில், முதலாம் பராந்தக சோழனின் 12 ஆம், 14 ஆம் ஆட்சியாண்டுகளுக்குரிய, அதாவது கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளுக்குரிய, இரு சாசனங்கள் உள்ளன. அரசனின் ஓலை வந்தது. அரச அதிகாரி ஒருவர் உடனிருந்தார். ஆயினும் விதியைச் செய்தோர் ஊர்ச் சபையாரே. தம்மைத் தாமே கட்டுப்படுத்தும் சட்டத்தைத் தாமே இயற்றி, வருவோர் போவோர் யாவரும் காணக் கோயிற் சுவரில் அதனைப் பொறித்தனர் என்பது ஈண்டு நாம் முதலிற் கருதத்தக்கது.

ஊர் முப்பது குடும்புகளாக, அஃதாவது பகுதிகளாக, வகுக்கப்பட்டிருந்தது. 921 ஆம் ஆண்டுச் சாசனத்தின்படி வாரியத்துக்கு வரவிரும்புவோர் இறை செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் உடையவராயும், சொந்த மனையில் வீடு கட்டி வாழ்பவராயும், 35 வயதுக்கு மேற்பட்டு 70 வயதுக்குட்பட்டவராயும் இருத்தல் வேண்டும். கல்வி வேண்டும், காரிய நிபுணத்துவம் வேண்டும், நேர்வழியில் ஈட்டிய பொருளும் தூய மனமும் வேண்டும். கடந்த மூன்றாண்டுகளில் எவ்வாரியத்திலும் இருந்திருத்தலாகாது. பிறர் பொருளைக் கவர்ந்தோர் முதலாகப் பலதிறக் குற்றமுடையோரும் விலக்கப்பட்டனர்.

தெரிவு நடைபெற்ற முறையோ மிக நுட்பமானது. தகுதியுடையோர் பெயர்கள் தனித்தனி ஓலையில் எழுதப்பட்டுக் குடும்பு வாரியாகக் கட்டப்பெற்றுக் குடத்தில் இடப்பட்டன. இளையோரும் முதியோரும் கூடிய மகாசபையின் நடுவே, வயதில் மூத்த நம்பியார் ஒருவர் எழுந்து நின்று, எல்லாருங் காணக் குடத்தை உயர்த்திப் பிடிப்பார். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத சிறுவன் ஒருவன் ஒரு கட்டை எடுப்பான். அவ்வோலைகள் வேறொரு குடத்திலிட்டுக் குலுக்கப்பட்டபின் அவனே ஓர் ஓலையை எடுத்து மத்தியஸ்தன் கையிற் கொடுப்பான். மத்தியஸ்தன் ஐந்து விரல்களையும் விரித்து உள்ளங்கையில் அதனை ஏற்று வாசிப்பான். அங்குள்ள நம்பிமார் யாவரும் அப்பெயரை மீண்டும் வாசிப்பர். ஓலையை மாற்றிவிடலாம் என்ற ஐயத்துக்கும் இடமில்லாதவாறு விரல்களையும் சட்டம் விரித்து வைத்தது!

இதனை இக்காலத்து வாக்களிப்பென்று கொள்வோர் உளர். அது பொருந்தாது, தகுதியுடையோரிடையே திருவுளச் சீட்டு எடுத்தலே குடவோலை. இன்னார் வரவேண்டும் எனப் பக்கம் சேர்த்து மோதுவதற்கு அம்முறையில் வாய்ப்பில்லை.

இனி, வேலைப் பங்கீட்டை நோக்குவோம். சம்வற்சர வாரியத்துக்குப் பன்னிருவர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிருவர், ஏரி வாரியத்துக்கு அறுவர். பொன் வாரியம், பஞ்சவார வாரியம் என்பனவும் இருந்தன. ஏரியிலே தங்கிய வாழ்வுடைய ஊர், ஏரிக்கெனத் தனிக் குழுவை வைத்தது. பத்து வேலைகளுள் ஒன்றாக ஏரியை ஒருவர் தலையிற் சுமத்தியிருப்பின், மற்றை ஒன்பதும் முடியட்டும் என்று அது காத்துக் கிடந்திருக்கும், மழையோ காத்திராது. இன்னுமொன்று: ஆண்டு முழுவதும் பொதுக் காரியங்களைக் கவனிக்கும் சம்வற்சர வாரியத்துக்கு, முன்னர்த் தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் செய்தவர்களுள், கல்வியாலும் வயதாலும் முதிர்ந்தோரே எடுக்கப்பட்டனர். மண்ணையும் நீரையும் பார்த்தறிந்தவர்க்கே பெரும் பொறுப்பு. பதவிக்காலம் 360 நாட்கள். குற்றங் காணப்பட்டால் அக்கணமே நீக்கம்.

இவை யாவற்றினும் நம் உள்ளத்தைத் தைத்த விதி கணக்குப் பற்றியது. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் வாரியத்துக்கு ஆகார். அவருடைய நெருங்கிய உறவினரும் ஆகார். ஊர்க் கணக்கு எழுதுவோன், பெருங்குழுப் பெருமக்களிடம் தன் கணக்கைக் காட்டி நேர்மையானவன் எனக் கொள்ளப்பட்டாலன்றி மீண்டும் அப்பணிக்கு வாரான். தான் எழுதிய கணக்கைத் தானே காட்ட வேண்டும்; அதனை முடிப்பதற்கு வேறொரு கணக்கன் புகுதலாகாது.

இவ்விதியை வாசித்தபோது நாம் நாணினோம். பல்கலைக்கழகம் புகுமுன் ஒரு சிறு சங்கத்தில் உப தனாதிகாரியாக இருந்தோம். விழாச் செலவின் பற்றுச்சீட்டுகள் சில காணப்படவில்லை. பழைய தனாதிகாரி, "புத்தகத்தைப் புதியவரிடம் ஒப்படைத்துவிட்டேன்" என்றார். புதியவர், "அது என் காலத்துக் கணக்கன்று" என்றார். பொதுக்கூட்டத்தில் வரவேற்பும் நன்றியுரையும் நிறைவேறின. கணக்கு மட்டும் நிறைவேறவில்லை. எவரும் களவெடுத்தார் என்று நாம் கூறவில்லை. எனினும் அடுத்த ஆண்டு சந்தாவுக்குச் சென்றபோது, முன்னர் மனமுவந்து கொடுத்த முதியவர் ஒருவர் படலையைத் திறவாமலே, "போன வருடத்துக் காசு எங்கே, தம்பி?" என்று கேட்டார். நாம் விடையின்றித் திரும்பினோம். அன்று கூட்டத்தில் எழுந்து கேட்க வேண்டிய கேள்வியை நாமே கேளாது விட்டதன் கூலி அது.

உத்தரமேரூரைக் குறையற்ற பொற்காலமாகக் காட்டுவது நம் நோக்கமன்று. நிலமும் வேதக் கல்வியும் உடைய ஆடவர்க்கே வாரியக் கதவு திறந்தது. பெண்களும், அவ்வேரி நீரில் உழுது நட்ட நிலமற்ற மக்களும் அக்குடத்தில் தம் பெயர் ஓலையைக் கண்டதில்லை. இக்குறையை மறைத்துப் பெருமை பேசுதல் வரலாறாகாது.

ஆயினும் அச்சபையார் தம் சட்டத்தைத் திருத்தக் கூசவில்லை. 919 இல் 30 முதல் 60 வரை என வகுத்த வயதெல்லையை இரண்டே ஆண்டுகளில் மாற்றினர்; தகுதியின்மைகளையும் ஓலை எடுக்கும் முறையையும் விரித்தெழுதினர். கல்லில் வெட்டியதாயிற்றே என்று பிழையோடு வாழாது, அதே சுவரில் மீண்டும் வெட்டினர். நாம் கற்ற மிஷன் பாடசாலையில் இங்கிலாந்தின் ஜோன் மன்னன் 1215 இல் முத்திரையிட்ட மகா சாசனத்தை மனனஞ் செய்தோம். அது அரசனைச் சட்டத்துக்குள் நிறுத்த முயன்றது. உத்தரமேரூர்க் கல்லோ ஊர்ப் பெரியோரைச் சட்டத்துக்குள் நிறுத்தியது. ஒன்று மற்றதற்குப் போட்டியன்று. இரண்டையும் கற்பதே நமக்கு அழகு.

இளைஞர்காள்! நம் மன்றத்தில் நாளை நீங்கள் காரியதரிசியாகலாம், தனாதிகாரியாகலாம். ஆசனத்தில் அமருமுன் விதிகளை வாசியுங்கள். காத்திராத வேலையை முதலிற் செய்யுங்கள். எழுந்து செல்லுமுன் உங்கள் கணக்கை நீங்களே காட்டுங்கள். பெரியோர்காள்! காட்டும்படி எங்களைக் கேளுங்கள்; கேட்பதனால் நாம் மனம் நோவோம் என்று எண்ணாதீர்கள். ஐந்து விரல்களையும் விரித்துக் காட்டும் கைக்கே ஊரார் மறுமுறையும் மனமுவந்து கொடுப்பர்.