பாய்மரப் படகின் உந்துதண்டு அதிர்வு

பாய்மரப் படகின் உந்துதண்டு அதிர்வு என்பது, பாய்மர உல்லாசப் படகுகளில் துணை இயந்திரம் இயங்கும்போது இயந்திரம், உந்துதண்டு, புரொப்பெல்லர் ஆகியவற்றில் தோன்றும் மிகையான அதிர்வைக் குறிக்கும். இதைக் கவனியாது விட்டால், தண்டு படகின் உடலைக் கடக்கும் இடத்திலுள்ள நீரடைப்பு தேய்ந்து கடல்நீர் கசியும். இணைப்பு கழன்று தண்டு வெளியே நழுவினால் படகு மூழ்கவும் கூடும்.

அமைப்பு

உந்துதண்டு உள்ள படகுகளில், சிறிய டீசல் இயந்திரம் பெரும்பாலும் இரப்பர் அடிதாங்கிகள் மீது பொருத்தப்பட்டிருக்கும். கியர்பெட்டி சுழல்வேகத்தைக் குறைத்து, இரு இணைப்புத் தட்டுகளின் வழியே தண்டுக்கு அளிக்கிறது. தண்டின் வெளிமுனையை, நீரையே மசகாகக் கொள்ளும் இரப்பர் பேரிங் தாங்குகிறது.

மூலத்தைப் பிரித்தறிதல்

முதற்சோதனையாக, இயந்திரம் நியூட்ரலில் வெவ்வேறு வேகங்களில் இயக்கப்படுகிறது. அப்போதும் அதிர்வு இருந்தால் இயந்திரமோ அடிதாங்கிகளோ காரணமாகும். கியர் இட்ட பின்னரே தோன்றினால் தண்டு, பேரிங், புரொப்பெல்லர் ஆகியவை ஐயத்துக்குரியவை. எனினும் சில எரிபொருள் கோளாறுகளும் அடிதாங்கிக் கோளாறுகளும் சுமை ஏறும்போது மட்டுமே வெளிப்படும்.

அதிர்வெண்ணும் துணைபுரியும். எடுத்துக்காட்டாக, இயந்திரம் நிமிடத்துக்கு 2400 சுற்றுகள் சுழன்று, கியர்பெட்டி அதை 2:1 விகிதத்தில் குறைத்தால், தண்டு நொடிக்கு 20 முறை சுழலும். வளைந்த தண்டு அல்லது சமநிலையற்ற புரொப்பெல்லர் இதே அதிர்வெண்ணில் அதிரும். ஆனால் மூன்று இதழ்ப் புரொப்பெல்லரின் இதழ் அதிர்வெண் 60 ஆகும். மூன்று உருளை கொண்ட நான்கு வீச்சு இயந்திரத்தின் எரிதல் எண்ணிக்கையும் நொடிக்கு 60 ஆகும். எனவே அதிர்வெண்ணை மட்டும் கொண்டு முடிவு செய்தல் தவறாகலாம்.

பொதுவான காரணங்கள்

* புரொப்பெல்லரில் சுற்றிய கயிறு அல்லது வலை
* இதழ்களில் படிந்த கொட்டலசு. மடங்கும் புரொப்பெல்லரில் இதனால் ஓர் இதழ் முழுமையாக விரியாமற் போகலாம்
* தேய்ந்த பேரிங்
* எண்ணெய் பட்டு மென்மையடைந்த அடிதாங்கிகள்
* இயந்திரமும் தண்டும் ஒரே நேர்கோட்டில் அமையாமை

நேரமைவுச் சோதனை

இணைப்புத் தட்டுகளின் திருகாணிகளைக் கழற்றி, தட்டுகளுக்கிடையேயான இடைவெளி இடைவெளிமானியால் நான்கு திசைகளில் அளக்கப்படுகிறது. பொதுவிதியாக, தட்டின் விட்டத்தில் ஒவ்வோர் அங்குலத்துக்கும் 0.001 அங்குல வேறுபாடு ஏற்கப்படும்; 4 அங்குலத் தட்டுக்கு இது சுமார் 0.1 மில்லிமீட்டர் ஆகும். பின்னர் தண்டு மட்டும் கால் சுற்றுகளாகத் திருப்பப்படுகிறது. மிகை இடைவெளி அதே திசையில் நிலைத்தால் நேரமைவில் பிழை உள்ளது. தண்டோடு சேர்ந்து இடம் மாறினால் தண்டு வளைந்துள்ளது அல்லது தட்டு செங்குத்தாக அமையவில்லை.

கரையேற்றிய படகின் உடல் வடிவம் சிறிது மாறக்கூடும் என்பதால், இறுதி அளவீடு படகு நீரில் மிதக்கும்போதே செய்யப்பட வேண்டும்.

பாதுகாப்பு

தண்டையோ புரொப்பெல்லரையோ தொடும் முன் இயந்திரத்தை நிறுத்திச் சாவியை அகற்றுதல் வேண்டும். நீரில் மிதக்கும் படகில் இணைப்பைப் பிரிக்கும்போது தண்டு பின்னோக்கி நழுவாதவாறு கட்டி வைத்தல் இன்றியமையாதது. அதிர்வு திடீரெனத் தோன்றினால் உடனே நியூட்ரலுக்கு மாற்றி, நீரடைப்பில் கசிவு உள்ளதா என முதலில் பார்க்க வேண்டும்.