ஷண்டிங்: ஒரு வினைச்சொல்லின் பயணம்

'ஷண்ட்' என்ற ஆங்கில வினைச்சொல், ரயில் பெட்டிகளையோ என்ஜினையோ ஒரு தடத்திலிருந்து மற்றொரு தடத்துக்கு மாற்றுவதைக் குறிக்கும். ஆனால் இச்சொல் ரயிலைவிடப் பல நூற்றாண்டுகள் மூத்தது. 13ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் 'ஷண்டென்' என்றால் மிரண்டு விலகுதல். தவிர்த்தலைக் குறிக்கும் 'ஷன்' என்ற வினையிலிருந்து இது கிளைத்திருக்கலாம் என்பது சொற்பிறப்பு ஆய்வாளர் கருத்து. பிற்காலத்தில் வட்டார வழக்காக ஒதுங்கிக் கிடந்த சொல்லை 1840களில் பிரிட்டிஷ் ரயில்வே எடுத்துக்கொண்டது. வரும் வண்டிக்கு வழிவிட்டு நிற்கும் வண்டி பக்கத்துத் தடத்துக்கு விலக வேண்டும். விலகுவதற்கான பழைய சொல் அங்கே கச்சிதமாகப் பொருந்தியது. இதே வேலைக்கு அமெரிக்கர் வைத்த பெயர் 'ஸ்விட்சிங்'.

இந்தியாவுக்கு இச்சொல் ரயிலோடு வந்தது. அது நடக்கும் ஓர் இடத்தைப் பார்ப்போம். 1887இல் தொடங்கப்பட்ட வங்காள–நாக்பூர் ரயில்வே, ரூப்நாராயண் ஆற்றின் மீது கோலாகாட் பாலம் கட்டி 1900இல் ஹவுராவை எட்டியது. ஹவுராவிலிருந்து சுமார் 7 கி.மீ. தொலைவில் அந்தப் பாதையில் இருக்கிறது சாந்த்ராகாச்சி நிலையம். ஷாலிமார் செல்லும் தடமும் அங்கேதான் பிரிகிறது. இன்று சென்னை செல்லும் சில ரயில்கள் புறப்படும் இந்நிலையத்தில் பெட்டிகளைப் பராமரிக்கும் பணிமனையும் மின்சார என்ஜின் கொட்டகையும் உள்ளன. வந்து சேர்ந்த வண்டியைக் கழுவும் தடத்துக்குக் கொண்டுபோவது, என்ஜினைக் கழற்றிக் கொட்டகைக்கு அனுப்புவது, புறப்பட வேண்டிய வண்டியை நடைமேடைக்குக் கொண்டுவருவது எல்லாமே ஷண்டிங்தான்.

இதில் முக்கியமானவர் பாயிண்ட்ஸ்மேன். என்ஜினுக்கும் பெட்டிக்கும் இடையே இறங்கி பிரேக் குழாயைப் பிரிப்பார், இரண்டையும் இணைக்கும் கப்ளிங்கை விடுவிப்பார். பச்சைக் கொடியை மெல்ல மேலும் கீழும் அசைத்தால் என்ஜின் அவரை விட்டு விலகிப் போக வேண்டும். உடலுக்குக் குறுக்கே பக்கவாட்டில் அசைத்தால் அவரை நோக்கி வர வேண்டும். இரவில் கொடியின் இடத்தில் பச்சை விளக்கு. ஷண்டிங் வேகம் பொதுவாக மணிக்கு 15 கி.மீ.க்கு மேல் போகக் கூடாது என்பது விதி. வெடிபொருள் ஏற்றிய வேகன்களுக்குக் கட்டுப்பாடு இன்னும் கடுமை. இரண்டு பெட்டிகளுக்கு நடுவே ஒரு மனிதர் நிற்கும் வேலை இது என்பதை மனத்தில் வைத்தே இந்த விதிகள் எழுதப்பட்டன.

தமிழ் இந்த வினையை அப்படியே வினையாக ஏற்கவில்லை. 'ஷண்டிங்' என்று பெயர்ச்சொல்லாக வாங்கி, 'செய்', 'பண்ணு' என்ற துணைவினைகளைச் சேர்த்துக்கொண்டது. வங்காள மொழியும் 'கரா' என்ற தன் வினையைச் சேர்த்து இதே வழியில்தான் சென்றது.

ரயிலடியிலிருந்து சொல் வெளியுலகுக்கும் போயிற்று. மின்னோட்டத்தின் ஒரு பகுதியைப் பக்கவழியில் திருப்பும் இணைப்பு 'ஷண்ட்'. மூளையில் தேங்கும் நீரை வயிற்றுக்குள் வடியச் செய்ய மருத்துவர்கள் பொருத்தும் குழாயும் 'ஷண்ட்'. முக்கியப் பதவியிலிருந்து அதிகாரி ஒருவர் ஓரங்கட்டப்படும்போதும் ஆங்கில நாளிதழ்கள் இந்த வினையையே எழுதுகின்றன. நேர்வழியிலிருந்து விலக்குதல் என்ற பழைய பொருள் இவை அனைத்திலும் நிலைத்திருக்கிறது.