செம்பின் கைராசி

சென்ற முறை நாச்சியாபுரம் போயிருந்தபோது ஆச்சி குக்கர் மூடியிலிருந்து ஒரு வெள்ளை வளையத்தைக் கழற்றி என்னிடம் நீட்டினார்கள். "இது என்ன ரப்பர் தம்பி? சூட்டிலே வேகவே மாட்டேங்குதே!"

"ரப்பர் மரத்துப் பால் இல்லை ஆச்சி. மணலிலிருந்து வந்த சிலிகோன்" என்றேன். ஆச்சி சிரித்துவிட்டார்கள். புளி போட்டுத் துலக்கிய செப்புக்குடம் ஒன்று பக்கத்தில் பளபளத்தது. கதையில் அதற்கும் பங்கு உண்டு.

மணலில் உள்ள மூலகம் சிலிகன். அதைக் கரிமப் பொருள்களோடு இணைக்க இங்கிலாந்தில் நாட்டிங்ஹாமில் பிரெடெரிக் கிப்பிங் என்ற பேராசிரியர் 1899 முதல் நாற்பது ஆண்டுக் காலம் பாடுபட்டார். அவர் கையாண்டது மக்னீசிய வழி. ஈதர் வேண்டும், செலவு, தீ பற்றும் அபாயம் வேறு. அவர் தேடியதோ அழகான படிகங்கள். குடுவையில் ஒட்டியதோ பிசுபிசுத்த பசை! 'சிலிகோன்' என்று பெயர் வைத்தவரே, 1937-ல் அச்சான சொற்பொழிவில், இத்துறையில் பெரிய முன்னேற்றம் விரைவில் வரும் என்ற நம்பிக்கை அதிகம் இல்லை என்று சொல்லிவிட்டார். பாவம், மூன்றே வருஷம் பொறுத்திருக்கலாம்.

1940 மே 10-ந் தேதி. அமெரிக்காவில் ஷெனெக்டடி நகரம். ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனிக்கு, சூடு தாங்கும் மின்காப்புப் பூச்சு வேண்டியிருந்தது. அங்கே வேலை பார்த்த யூஜின் ராக்கோ மக்னீசியத்தை ஒதுக்கிவிட்டு, சிலிகனோடு செம்பைச் சேர்த்துச் சூடேற்றி, அதன்மீது மெதில் குளோரைடு வாயுவைச் செலுத்தினார். செம்பில்லாமல் அசைந்து கொடுக்காத சிலிகன் இப்போது வசப்பட்டது. செம்பு சிலிகனின் மேற்பரப்பில் கலந்து, வாயு பற்றிக்கொள்ள இடம் செய்து கொடுக்கிறது. பெண் வீட்டையும் பிள்ளை வீட்டையும் சேர்த்து வைத்துவிட்டு, வெற்றிலை பாக்கோடு ஒதுங்கிக்கொள்ளும் பெரியவர் மாதிரி. இதைத்தான் கிரியா ஊக்கி என்கிறார்கள். கிடைத்த திரவத்தை வடித்துப் பிரித்துத் தண்ணீரோடு சேர்த்தால் சிலிகோன்! யுத்த காலத்தில் ஜெர்மனியில் ரிச்சர்ட் முல்லரும் தனியாக இதே வழியைக் கண்டார். இன்றைக்கும் உலகத்துச் சிலிகோனுக்கு அடிப்படை இந்தச் செம்பு வழிதான்.

கிப்பிங் காலமானது 1949-ல். அதற்குள், 1943-ல் தோன்றிய டௌ கார்னிங் கம்பெனி, விமான எஞ்சின்களின் மின் இணைப்புகளில் ஈரம் புகாதிருக்கச் சிலிகோன் பசையை விற்றது. அவர் வேண்டாமென்ற பசைக்குத்தான் அந்த மவுசு! 1969-ல் நிலவில் பதிந்த காலணியின் அடிப்பாகமும் சிலிகோன் ரப்பரே.

ஆனால் சிலிகோனை மற்றப் பொருள்களோடு பிணைப்பதற்கு ஏழைச் செம்பு உதவவில்லை. 1957-ல் டௌ கார்னிங்கின் ஜான் ஸ்பையர் அதற்குப் பிளாட்டினத்தை அழைத்து வந்தார். துளியூண்டு போதும்; ஆனால் போட்டது போட்டதுதான், பெரும்பாலும் பொருளுக்குள்ளேயே தங்கிவிடும். 2007-ல் மட்டும் சிலிகோன் தொழில் விழுங்கிய பிளாட்டினம் சுமார் 5.6 டன். இரும்பு இந்த வேலையைச் செய்யாதா? 2012-ல் பிரின்ஸ்டன் சர்வகலாசாலையின் பால் சிரிக், செய்யும் என்று காட்டினார். கூட்டாளி மொமெண்டிவ், ராக்கோவின் பழைய கம்பெனியின் சிலிகோன் பிரிவு கைமாறிப் பெற்ற பெயர் அது. ஆனால் அந்த இரும்புச் சேர்மங்கள் காற்றுப் பட்டால் கெடுபவை. ஆலைகளில் பெரும்பாலும் இன்னும் பிளாட்டின ராஜ்யம்தான்.

"பழைய வளையத்தை எறிந்துவிடாதீர்கள் ஆச்சி, உள்ளே துளி பிளாட்டினம்கூட இருக்கலாம்" என்றேன்.

"இருந்து என்ன தம்பி? செம்பா இருந்தா எடைக்காவது போடலாம்" என்று சொல்லிக்கொண்டே ஆச்சி அதைக் குப்பைக் கூடையில் போட்டார்கள்.