வெட்டுப்பட்ட காசு சொல்வது

புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் கருக்காக்குறிச்சி என்ற ஊரில் 1898-இல் 501 ரோமானியப் பொற்காசுகள் ஒரே புதையலாகக் கிடைத்தன. அவற்றுள் காலத்தால் கடைசியானவை கி.பி. 69 முதல் 79 வரை ஆண்ட வெஸ்பாசியனுடையவை. பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட காசுகளில் பேரரசரின் முகத்துக்குக் குறுக்கே உளியால் ஓங்கி வெட்டிய தடம் இருந்தது. ஏன் வெட்டினார்கள் என்பதற்கு அறிஞர்கள் பல காரணங்கள் சொல்கிறார்கள்; அந்த வாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் அப்படி ஒரு வாதம் எழ முடிந்ததே காசுகள் கூட்டமாகக் கண்ணில் பட்டதால்தான். அந்தக் காசுகளில் ஒன்று மட்டும் தனியே ஒரு தட்டாரிடம் வந்திருந்தால் அது சேதப்பட்ட காசு, அவ்வளவுதான், எடைக்குப் போயிருக்கும். நானூற்றுக்கும் மேற்பட்ட காசுகள் ஒரே விதமாக வெட்டுப்பட்டிருந்தபோதோ அது சேதம் அல்ல, யாரோ திட்டமிட்டுச் செய்த செயல் என்று தெரிந்தது. இதே புதையல் முதலில் ஒரு வியாபாரி கைக்குப் போயிருந்தால் அவர் என்ன செய்திருப்பார்? வெட்டில்லாத நாற்பது ஐம்பதைப் பொறுக்கி நல்ல விலைக்கு வைத்துக்கொண்டு, மீதியை உருக்கக் கொடுத்திருப்பார். வியாபாரக் கணக்கில் அது தவறே இல்லை. வரலாற்றுக் கணக்கில், வேண்டிய சாட்சியை எரித்துவிட்டு வேண்டாததைப் பத்திரப்படுத்திய கதை.

ஒரு மனிதர் நாற்பது ஆண்டு சேர்த்த பழங்காசுகளை அவரோ அவர் பிள்ளைகளோ விற்கும்போது நடப்பதும் பெரும்பாலும் இந்தப் பொறுக்கல்தான். முதலில் பொன், பிறகு வெள்ளி, பிறகு உருத் தெளிவான செம்பு. தேய்ந்துபோனவை கடைசியில் கிலோக் கணக்கில். விற்பதற்கு முன்னால் பளபளப்பு வரட்டும் என்று புளி போட்டுத் தேய்த்துப் பச்சைக் களிம்பை நீக்கிவிடுவார்கள். மண்ணின் கடைசி அடையாளமும் அதோடு கழுவிப்போகும். காசு இருந்த காகித உறையில் ஊர் பெயரும் வாங்கிய தேதியும் பென்சிலால் எழுதியிருந்தால், அந்த உறை குப்பைக்கூடைக்குப் போகும். விற்பனையைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. மருத்துவச் செலவுக்கும் கல்யாணத்துக்கும் பணம் வேண்டியவரிடம் பண்பாட்டைக் காக்கச் சொல்வது எளிது, செலவில்லாதது. என் வாதம் வேறு: சேகரிப்பு அழிவது காசு கைமாறுவதால் அல்ல, எந்தக் காசு எதனோடு எங்கே இருந்தது என்பது எழுதப்படாமல் கலைவதால்.

அப்படியானால் மொத்தமாக அரசிடமோ அருங்காட்சியகத்திடமோ கொடுத்துவிட வேண்டியதுதானே என்பார்கள். நல்ல யோசனை, ஆனால் காலின் மெக்கன்சியின் சேகரிப்பு அப்படித்தான் போனது. தென்னிந்தியா முழுக்க நில அளவை செய்தபடியே சுவடிகளையும் கல்வெட்டுப் படிகளையும் காசுகளையும் திரட்டியவர் 1821-இல் இறந்தார். அடுத்த ஆண்டு அவர் மனைவியிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி ஒரு லட்சம் ரூபாய்க்கு எல்லாவற்றையும் வாங்கியது. ஒரு தனியார் சேகரிப்புக்கு அந்தக் காலத்தில் அது கண்ணைப் பறிக்கும் விலை. 1828-இல் எச்.எச். வில்சன் வெளியிட்ட பட்டியலில் காசுகளின் எண்ணிக்கை 6,218. சுவடிகளுக்கு அந்தப் பட்டியலில் பக்கம் பக்கமாக விவரம் உண்டு. காசுகளுக்குக் கிட்டியது பெரும்பாலும் அந்த ஓர் எண்தான். கம்பெனி பொருளை வாங்கியதே தவிர, பொருளின் பின்னணி தெரிந்த ஆட்களை வைத்துக்கொள்ளவில்லை. மெக்கன்சியின் தலைமை உதவியாளர் காவலி வேங்கட லட்சுமய்யா அந்தப் பணியைத் தொடர விரும்பி விண்ணப்பித்தபோது வங்காள ஆசியக் கழகம் அவர் தகுதி போதாது என்று மறுத்தது. ஊர் ஊராகப் போய்க் காசையும் கதையையும் கேட்டு வாங்கிய குழுவை நடத்தியவரை விடத் தகுதியானவர் யார் என்று அவர்கள் நினைத்தார்களோ! மொத்தமாக விற்பது கூட்டத்தைப் பெட்டிக்குள் காப்பாற்றும். எழுத்து இல்லையென்றால் பெட்டிக்குள்ளேயே அது சிதறிவிடும்.

இதைவிடக் கடினமான மறுப்பு சங்ககாலக் காசுகளிடமிருந்து வருகிறது. சங்க வேந்தர்கள் காசு அடித்தார்களா என்ற ஐயத்தை 1980-களில் தீர்த்தவற்றில் முக்கியமானது 'பெருவழுதி' என்று தமிழ்-பிராமி எழுத்தில் பொறித்த சதுரச் செப்புக்காசு. அதை வெளியிட்ட இரா. கிருஷ்ணமூர்த்தி முறையான அகழாய்வில் அதைக் கண்டெடுக்கவில்லை. காசுச் சந்தை வழியாகத்தான் பெற்றார். கரூரில் அமராவதி ஆற்று மணலை அரிப்பவர்களிடமிருந்து கைமாறி வந்த காசுகள் பலவற்றுக்கும் இதே வரலாறுதான். 'மாக்கோதை', 'குட்டுவன் கோதை' என்ற பெயர் தாங்கிய காசுகளும் அறிஞர் பார்வைக்கு வரச் சேகரிப்பாளர்களே காரணம். கிடைத்த இடத்துக் குறிப்பு இல்லாமலே வரலாறு திறந்துகொண்டதே, பிறகு உறைக்கும் பென்சில் எழுத்துக்கும் என்ன இவ்வளவு ஏக்கம்? மறுப்பு நியாயமானது, பாதி வரைக்கும். எழுத்துள்ள காசு தன் பெயரைத் தானே சொல்லிக்கொள்கிறது. ஆனால் ஒருபுறம் யானையும் மறுபுறம் மீனுமாக, எழுத்தே இல்லாமல் கிடைக்கும் ஏராளமான செப்புக்காசுகள் ஊமைகள். எந்த ஊரில், எந்த மண்ணடுக்கில், எந்தப் பானையோட்டோடு கிடந்தன என்பதே அவற்றின் பேச்சு. எழுத்துள்ள காசுகளுக்கும் காலம் குறிப்பதில் சண்டை தீராததற்கு ஒரு காரணம், அவை மண்ணடுக்கு தெரியாமல் வந்து சேர்ந்ததுதான். கிருஷ்ணமூர்த்தி செய்த பெரிய காரியம் வாங்கியதில் இல்லை; எடை, அளவு, படம் என்று எல்லாவற்றையும் அச்சிட்டு மற்றவர் சரிபார்க்கும்படி வைத்ததில் இருக்கிறது.

வணிகத்தையே தடைசெய்தால் என்ன என்று கேட்பவர்கள் 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டத்தைப் படிக்கலாம். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்குச் சொல்ல வேண்டும். அரசு அதை எடுத்துக்கொள்ள விரும்பினால் தர வேண்டிய தொகை என்ன? உலோகத்தின் மதிப்பும் அதன்மேல் ஐந்தில் ஒரு பங்கும். பெருவழுதியின் செப்புக்காசுக்கு அந்தக் கணக்கில் ஒரு டீ கூடக் கிடைக்காது. காசை உலோகமாகப் பார்க்கும் சட்டம், கண்டெடுத்தவனையும் அதை உலோகமாகவே பார்க்கப் பழக்குகிறது. அவன் கலெக்டர் அலுவலகத்துக்குப் போகாமல் பழைய பாத்திரக்கடைக்குப் போகிறான். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் நூறாண்டு கடந்த காசைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதைத் தடுக்கிறது, தொல்பொருள் வியாபாரிக்கு உரிமம் கேட்கிறது. இவை வேண்டியவைதான். ஆனால் எல்லையில் காசை நிறுத்தலாம். அதன் ஊர் பெயரை எந்தச் சுங்க அதிகாரியும் திருப்பித் தர முடியாது.

டோக்கன் எனப்படும் வில்லைகளின் நிலை காசைவிடப் பரிதாபம். இலங்கைக் காப்பிக் காலத்தில் கொழும்பு ஆலைகள் வேலைக்கு ஈடாகச் செப்பு வில்லைகளைக் கொடுத்து, பிறகு கூலியாக மாற்றித் தந்தன. ஜார்ஜ் ஸ்டூவர்ட் கம்பெனியின் வேகந்த ஆலை வில்லையில் 1843 என்ற ஆண்டு இருக்கிறது. அரசன் இல்லை, தெய்வம் இல்லை. ஓர் ஆலையின் பெயர். அந்த ஆலை எது, அங்கே யார் என்ன வேலை செய்தார்கள் என்ற குறிப்போடு சேர்ந்தால் அது ஒரு கூலியின் வரலாறு. பிரிந்தால் பித்தான் அளவுச் செம்பு. லோஸ்லி என்பவர் 1895-இல் இலங்கைக் காசுகளோடு வில்லைகளையும் சேர்த்து எழுதி வைத்ததால்தான் அவற்றுள் பலவற்றுக்கு இன்று விலையே இருக்கிறது. விவரம் எழுதினால் வியாபாரி விலையை அடித்துப் பேசுவான் என்று விற்பவர்கள் அஞ்சுவதுண்டு; ஏலச் சந்தையில் நடப்பது தலைகீழ். முன்பு யாரிடம் இருந்தது என்று காட்டக்கூடிய காசு கூடுதலாகவே போகும்.

எழுதி வைத்தவர்களில் இன்னொருவரான சர் வால்டர் எலியட் மதராஸ் ராஜதானியில் பணிபுரிந்த காலத்திலேயே, 1850-களில், தென்னிந்தியக் காசுகளைப் பற்றி அங்கு வெளிவந்த இதழில் எழுதி வெளியிட்டவர். ஸ்காட்லாந்து திரும்பி, 1887-இல் இறப்பதற்குச் சிறிது காலம் முன்னர், தென்னிந்தியக் காசுகள் பற்றிய தம் பெரிய நூலை முடித்தார். அப்போது அவருக்குக் கண் தெரியாது. தேய்ந்த சோழக்காசை விரலால் தடவி எதுவும் படித்துவிட முடியாது. அவருக்குக் கைகொடுத்தவை முப்பது ஆண்டுக்கு முன்பே எழுதி வைத்தவை.